இஸ்தோப்பில் பீடி குடிக்கக் கூடாது

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஆறு வீடு. வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காம்பரா என்று ஒரே அறை, பின்னால் குனிந்து நுழையும் சமையல் குசினி, முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் ஒடுங்கிய வராந்தா. அந்த இஸ்தோப்பு ஆறு வீட்டுக்கும் ஒன்றாக ஓடும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். கட்டினவன் கல்லை மிச்சம் பிடித்தானோ என்னவோ. அந்த இடைவெளி வழியாக உப்புக் கேட்கலாம், சண்டை போடலாம், பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று தெரிந்துகொள்ளலாம். நான் இருப்பது கடைசிக் காம்பரா. எனக்குப் பக்கத்து வீடு ஒன்றே ஒன்றுதான், அதில் என் கூடப்பிறந்த அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள்.

அண்ணன் கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிக் குறுக்குகிறவர். விடிந்ததும் பனியோடு மலைக்குப் போய், தனக்கு விட்ட செடிகளை வெட்டி முடித்து மத்தியானத்துக்கே வந்துவிடுவார். வந்ததும் இஸ்தோப்பில் குந்தி ஒரு பீடி. தேத்தண்ணி குடித்ததும் ஒரு பீடி. மழை வந்தால் மழைக்கு ஒன்று, மழை விட்டால் விட்டதற்கு ஒன்று. கேட்டால் குளிருக்கு என்பார். கொட்டகலைப் பக்கத்தில் குளிராத நாள் எது? மீசை முளைக்குமுன் பிடித்த பழக்கம். இது நடந்த காலத்தில் அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

எனக்குத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பச்சைக் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. பத்துப் பதினைந்து பிள்ளைகளைத் தூங்கவைத்து, பால் கொடுத்து, மூக்குத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என்னுடையது ஒன்று, பெண்பிள்ளை, அப்போது ஏழு வயது. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் தூங்கிவிட்டுப் போவார். அதனால் பிள்ளைக்கு எல்லாமே தாய்மாமன்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை என் வாசலில் போட்டுவிட்டு மாமா பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அவர் ஒரு கையில் பீடி, மறு கையால் இவளுக்குப் பட்டாணி உரித்துக் கொடுப்பார்.

பிள்ளைக்கு இழுப்பு இருந்தது. மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தோட்டத்து மருந்துக்காம்பராவில் மருந்து கொடுப்பார்கள், ரெண்டு நாள் அடங்கும், பிறகு வரும். பிறந்தது முதல் இருந்ததால் அதை மழையைப் போல எடுத்துக்கொண்டு வாழ்ந்தோம்.

அந்த வருஷம் புள்ளக்காம்பரா வேலைக்காரிகளுக்கு அட்டனில் ஒரு நாள் சுகாதார வகுப்பு வைத்தார்கள். வகுப்பெடுத்தவர் ஒரு படத்தைத் தொங்கவிட்டார். ஒரு தகப்பன் கதிரையில் உட்கார்ந்து சிகரெட் குடிக்கிறான். புகை வளைந்து வளைந்து போய் மூலையில் விளையாடுகிற பிள்ளையின் மூக்கில் நுழைகிறது. குடிக்கிறவன் நெஞ்சு கெடுவது அவன் பாடு, பக்கத்தில் இருக்கிற பிள்ளை என்ன பாவம் செய்தது என்று கேட்டார். நான் மறுபடி படத்தைப் பார்த்தேன். அந்தக் கதிரையில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

ஏற்கனவே எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாய் மட்டும் இல்லாவிட்டால் என்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அண்ணி அடிக்கடி சொல்வார். அட்டனிலிருந்து பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதை எல்லாம் கோர்த்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஓட்டுநர் தலைக்கு மேலே புகைபிடிக்கக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. பஸ்ஸில் கூடாது, ஆஸ்பத்திரியில் கூடாது, ஆபீசில் கூடாது. என் பிள்ளை இருக்கிற இடத்தில் மட்டும் கூடுமா?

"அண்ணே, இனி இஸ்தோப்புல ஒக்காந்து பீடி குடிக்காதீங்க," என்றேன் அன்று பின்னேரமே. "புள்ளைக்கு இழுப்பு வாறதே ஒங்களாலதான்."

அவர் பீடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கப்பாவும் இதே இஸ்தோப்புல குடிச்சாரு. நீ நல்லாத்தானே வளந்திருக்கே?" என்றார்.

"அப்பா நெஞ்சு வலியிலதானே போனாரு."

அவர் பீடியைத் தரையில் தேய்த்தார். அணைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே போய்ப் பற்றவைத்த பீடியின் புகை சுவருக்கு மேலே வந்தது. அந்தப் படத்தில் வந்த மாதிரியே வளைந்து வளைந்து வந்ததாக அன்று எனக்குத் தோன்றியது.

மறு ஞாயிறு நான் செய்த வேலை இது. உரம் வந்த வெறும் சாக்குகளைக் கழுவிக் காயவைத்து, நாலைந்தை ஒன்றாகத் தைத்து, பெஞ்சைப் போட்டு ஏறி, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை முழுக்க அடைத்தேன். ஓரம் ஓரமாக ஆணி. காற்று நுழைய ஒரு விரல் இடம் விடவில்லை. அந்தப் பக்கம் இருந்து அண்ணி, "என்னடி, எங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கலயா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் அவருக்கு மனம் நொந்தது தெரிந்தது. நான் ஆணி அடிப்பதை நிறுத்தவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பூசை முடிந்ததும் லயத்து ஆட்கள் கூடிப் பேசுகிற வழக்கம் உண்டு. தண்ணீர்க் குழாய் உடைந்தது, திருவிழாவுக்கு மேளம் பிடிப்பது, யாருடைய ஆடு யாருடைய கீரையைத் தின்றது, எல்லாம் அங்கேதான் தீரும். தோட்டத் தலைவர் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டதும் எழுந்தேன். லயத்து இஸ்தோப்பிலும் காம்பராவுக்குள்ளும் யாரும் பீடி சிகரெட் குடிக்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொன்னேன்.

பொம்பளைகள் பக்கம் கலகலவென்று ஆனது. ஆம்பளைகள் பக்கம் ஒருவர், ரோதைக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகிறவர், எழுந்தார். "பஸ்சுல போர்டு, கடைத்தெருவுல போர்டு. என் வீட்டு வாசல்லயும் போர்டு போட்டா நான் எங்கதான் போய்க் குடிக்கிறது, மலை உச்சிக்கா?"

"அங்கதான் போங்களேன், யாரு வேணாம்னா," என்று அவர் வீட்டம்மாவே சொன்னார். கூட்டம் சிரித்தது.

ஆனால் அந்த மனிதர் கேட்டதில் ஒரு விஷயம் இருந்தது, இப்போது நினைத்தால் தெரிகிறது. இஸ்தோப்பு வீடா, பொது இடமா? சட்டம் போட்டவர்கள் லயத்தைப் பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆறு வீட்டுக்கு ஒரே கூரை, ஒரே வராந்தா, ஒரே காற்று என்றால் அங்கே தன் வீடு எங்கே முடிகிறது? அன்று நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. பொது இடம்தான் என்று அடித்துச் சொன்னேன். அப்போ முனியாண்டி சாமிக்குச் சுருட்டு வைக்கிறோமே என்று யாரோ இழுத்தார்கள். "சாமிக்கு நெஞ்சுவலி வராது, ஒங்களுக்கு வரும்," என்றேன். தலைவரே சிரித்துவிட்டார்.

பிறகுதான் அதைச் செய்தேன். இதில் யார் முதல் ஆள் என்று தலைவர் விளையாட்டாகக் கேட்க, "என் கூடப்பொறந்தவருதான். தங்கச்சி புள்ள இழுத்துக்கிட்டுக் கெடக்குது, அவருக்குப் பீடி பெருசு," என்று கையை நீட்டிக் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தூண் பக்கத்தில் நின்றவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது. குடிக்கிறவர்கள் பீலிக்கு, அதாவது நாங்கள் குளிக்கிற தண்ணீர்ப் பீலிக்கு, அந்தப் பக்கம் போய்க் குடிக்க வேண்டும்.

திரும்பி வரும்போது அண்ணி என்னோடு நடக்கவில்லை.

அதற்குப் பிறகு நல்ல மழை பிடித்தது. விறகு காயவில்லை. எனக்கு விறகென்றால் அண்ணன் வெட்டிப் போடுகிற தேயிலை மிலாறுதான், ஈரத்தில் அது எரியாது, அழும். பழைய பொலித்தீன் பையைச் சொருகிப் பற்றவைத்து, ஊதி ஊதிக் கண் சிவக்கும். சாரல் அடிக்கும் என்று கதவையும் சன்னலையும் சாத்திவிடுவேன். குசினியில் முன்பு இருந்த புகைக்கூண்டு ஒழுகியதால் போன வருஷமே தகரம் வைத்து மூடியாகிவிட்டது. அண்ணி வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய மூத்தவன் கொழும்பிலிருந்து காஸ் அடுப்பு வாங்கி அனுப்பியிருந்தான். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்கு இழுப்பு குறையவில்லை. கூடியது. முன்பு மாதத்துக்கு ஒருமுறை வந்தது வாரத்துக்கு ஒருமுறை வந்தது. எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தெரியும். மனிதர் ஒளிந்து குடிக்கிறார். அடுப்படியில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டே சுவரைப் பார்த்து ஏசுவேன். "வெக்கம் மானம் இருந்தா குடிப்பாங்களா? வாசம் இங்க வரைக்கும் வருது! சாக்கு வச்சு அடைச்சாலும் வருதே!" சத்தியமாக எனக்குப் பீடி வாசம் வந்தது. கோயிலில் சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் இருந்து ஒரு பதிலும் வராது. பதில் வராததால் இன்னும் உறுதியாக ஏசுவேன். பிள்ளையை மாமா வீட்டுக்குப் போகக் கூடாது என்று தடுத்தும் வைத்தேன். அது கதவோரம் நின்று இஸ்தோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டு நேரம். வெளியே கொட்டுகிறது. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்ற வெந்நீர் ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம். காலையிலிருந்தே இருமிக்கொண்டிருந்த பிள்ளையைக் கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்து உட்காரவைத்திருந்தேன். ஊதுகிறேன், ஏசுகிறேன், ஊதுகிறேன், ஏசுகிறேன். நடுவில் திரும்பிப் பார்த்தால் பிள்ளை ரெண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்திருக்கிறது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வருகிறது. உதடு நாவற்பழம் தின்ற நிறம். எனக்குக் குரல் வரவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.

கதவை இடித்துத் திறந்துகொண்டு அண்ணன் வந்தார். எப்படி வந்தார் என்று கேட்க அப்போது நேரமில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். லயத்துக்கு த்ரீவீல் வராது, மேலே ரோட்டுக்கு ஏற வேண்டும். படிக்கட்டில் பாதி ஏறுமுன் அவர் நின்றார். கொஞ்சம் ஏறி மறுபடி நின்றார். மூன்றாம் முறை நின்றபோது பிள்ளையின் மூச்சுச் சத்தம் எது, அவருடைய மூச்சுச் சத்தம் எது என்று எனக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை. மலையில் ஏறி இறங்கியே வளர்ந்த ஆள். நான் பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தேன், அவர் படியைப் பிடித்துக்கொண்டு தவழ்கிற மாதிரி வந்துகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்தை மூச்சோடு உள்ளே விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது. டாக்டர் ஒரு சிங்களப் பெண், சின்ன வயது. பிள்ளை இருக்கிற வீட்டில் யார் புகைபிடிக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் சிங்களத்தில் சொன்னார், "நான்தான், பீடி." டாக்டர் அவரை நன்றாக ஏசினார். எனக்கு உள்ளே திருப்தியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. ஏசி முடித்துவிட்டு டாக்டர் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தார், குழாய் வைத்து முதுகைக் கேட்டார், பிறகு குரலைத் தாழ்த்தி அவரையும் நெஞ்சுக் கிளினிக்குக்கு வரச் சொல்லித் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என்னையும் ஒரு கேள்வி கேட்டார். சமையல் எதில் என்றார். விறகில் என்றேன். விறகு எரிக்காத லயம் எது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து நாளில் எங்கள் பகுதி மிட்வைஃப் அம்மா வீடு பார்க்க வந்தார். டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். காம்பராவைப் பார்த்தார், குசினிக்குள் குனிந்து பார்த்தார், மேலே பார்த்தார்.

"அது என்ன, மேல அடைச்சு வச்சிருக்கீங்க?"

"பக்கத்து வீட்டுப் பீடிப் பொகை வராம இருக்கத்தான், மிஸ்."

அவர் பெஞ்சைப் போட்டு ஏறி சாக்கில் விரலை இழுத்துப் பார்த்தார். விரல் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரிக் கறுப்பாக வந்தது. "இதக் கழட்டணும்," என்றார். அண்ணனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் குறட்டோடு வந்து, பெஞ்சில் ஏறி, ஒவ்வொரு ஆணிக்கும் ஒருமுறை இளைப்பாறி, கழற்றிக் கீழே போட்டார். சாக்கு என் காலடியில் புரண்டு விழுந்தது. என் வீட்டுப் பக்கமாக இருந்தது முழுக்கக் கரி, பிசுபிசு என்று, தடவினால் கையில் ஒட்டும். அண்ணன் வீட்டுப் பக்கமாக இருந்தது வெள்ளை. உரக் கம்பனி அச்சடித்த எழுத்து ஒன்று விடாமல் வாசிக்க முடிந்தது.

மிட்வைஃப் அம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. புகை போகிற வழி அது ஒன்றுதான் இருந்தது, அதையும் அடைத்துவிட்டு உள்ளே நெருப்பு மூட்டியிருக்கிறீர்கள் என்றார். அவ்வளவுதான். பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் நான். வகுப்பில் தொங்கிய படத்தில் அடுப்பு இல்லை. அடுப்புப் புகையைப் புகை என்று நான் நினைத்ததே இல்லை. அது சமையல். அது வீடு.

ஆனாலும் மானம் விடுமா? "அவரும் குடிச்சாருதானே," என்றேன்.

இப்போது திறந்து கிடந்த இடைவெளி வழியாக அண்ணியின் குரல் வந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. "கோயில் கூட்டம் நடந்த மறுநாளே விட்டுட்டாரு. பீடிக் கட்டத் தூக்கி வெளிய எறிஞ்சாரு. வாய் நடுங்குது, கை நடுங்குது, ராவும் பகலும் தூக்கமில்ல. நீ பாட்டுக்கு ஏசிக்கிட்டே இருந்தே. நான் சொல்றேன்னு கெளம்புனா வேணாம்னு தடுத்துட்டாரு."

அடுப்பை இப்போது வெளியே, லயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டு மாற்றியாகிவிட்டது. போட்டது அண்ணன்தான். பிள்ளை காலையும் மாலையும் மூச்சுக்கு மருந்து பம்ப் அடிக்கிறது. அந்த வருஷத்து மிச்ச மழை முழுக்க ஒரே ஒரு தடவைதான் இழுத்தது. தீர்மானத்தை எடுத்துவிடலாமா என்று தலைவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது சரியான தீர்மானம். பீடியும் பிள்ளையைக் கெடுக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அண்ணனை நிறுத்திவைத்து நான் அவமானப்படுத்தியதுதான் தப்பு. அதை அதே கோயில் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.

அண்ணனுடைய நெஞ்சு திரும்பவில்லை. விட்டது நல்லது, இனி கெடுவது மெதுவாகும், கெட்டது கெட்டதுதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரே நாளில்தான் ரெண்டு பேருக்கும் கிளினிக் துண்டு கொடுப்பார்கள். பிள்ளையைக் காட்டி முடித்துவிட்டு, அண்ணனுடைய நம்பர் வரும்வரை மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை மாமாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. அன்றுதான் கேட்டேன்.

"ஏண்ணே சொல்லல? ரெண்டு மாசமா நாய ஏசுற மாதிரி ஏசியிருக்கேன். விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாய மூடியிருப்பேனே."

அவருக்கு ஒரு வாக்கியம் பேச ரெண்டு மூச்சு வேண்டும். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அதுக்குத்தான் சொல்லல. நீ சாக்கு வச்சு அடைச்சதும் புள்ள இருமுறது எனக்குச் சரியாக் கேக்கல. தூங்குதா, இழுக்குதா, ஒன்னும் தெரியல. உன் வாய் மட்டும்தான் கேட்டுச்சு. நீ ஏசிக்கிட்டு இருந்தா புள்ளைக்கு ஒன்னும் இல்லேன்னு நெனச்சுக்குவேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அன்னைக்கு ஏச்சு பாதியில நின்னுச்சு பாரு, அப்பத்தான் ஓடியாந்தேன்."

நம்பர் கூப்பிட்டார்கள், அவருடையது. பிள்ளையை என் மடிக்கு மாற்றிக்கொண்டு கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழும்ப முயன்றார், முடியவில்லை, மறுபடி முயன்றார். நின்ற பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, பேச்சக் காணோம்? ஏதாச்சும் ஏசேன். நீ சும்மா இருந்தா பயமா இருக்கு."

"போங்க," என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.